முழங்கால் கோணத்தை அளக்க எந்த சென்சார்?

கேள்வி: அறுவை சிகிச்சைக்குப் பின் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் கருவி செய்கிறோம். ஃப்ளெக்ஸ் சென்சார் (வளைந்தால் மின்தடை மாறும் பட்டை) போதுமா?

பதில்: முதல் நாள் போதும்போலத் தோன்றும். ஆனால் அதைத் தாங்கும் முழங்கால் உறை சற்று நழுவினாலே அளவு மாறும். மடங்கி மடங்கி அதன் மின்தடையும் நிலைமாறும். அதற்குப் பதில் இரண்டு எம்பியு-6050 பலகைகள் வாங்குங்கள்; ஒவ்வொன்றிலும் சுழலும் வேகத்தை அளக்கும் கைரோவும், புவியீர்ப்பை வைத்துச் சாய்வைக் காட்டும் முடுக்கமானியும் இருக்கும். இரண்டு பலகைகளின் சாய்வுக்கும் உள்ள வித்தியாசமே முழங்கால் கோணம். ஒன்று தொடையின் வெளிப்பக்க நடுவில், மற்றொன்று முழங்காலுக்குக் கீழே, தசை குறைந்த முன் எலும்பின் தட்டையான பகுதியில். தசைமேல் கட்டினால் அது குலுங்குவதையும் சேர்த்தே அளப்பீர்கள்.

இரண்டையும் ஒரே ஐ2சி (முகவரி வைத்துப் பல சென்சார்களோடு பேசும் இணைப்பு முறை) கம்பியில் இணைக்கலாம். ஒன்றின் ஏடி0 முனையை 3.3 வோல்ட்டில் கொடுத்தால் அதன் முகவரி மாறிவிடும், இரண்டும் மோதாது. விநாடிக்கு 100 அளவுகள் தாராளம். கம்பி நீண்டு தரவு அறுந்தால் வேகத்தை 400 கிலோஹெர்ட்ஸிலிருந்து 100க்குக் குறையுங்கள்.

கைரோ மட்டும் நம்பினால் கோணம் மெல்ல நகர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு அளவிலும் கைரோவுக்கு 98, முடுக்கமானிக்கு 2 விழுக்காடு என்று கலந்தால் புவியீர்ப்பு அதைத் திருத்தும். பலரும் தவறவிடுவது இங்கேதான்: நோயாளி ஒருக்களித்துப் படுத்தால் மடங்கும் அச்சு செங்குத்தாகிவிடும், அந்தத் திருத்தம் வேலை செய்யாது. எனவே உட்கார்ந்தோ மல்லாந்தோ அளக்கச் சொல்லுங்கள். திசை காட்டும் காந்தமானியுள்ள பிஎன்ஓ055 சென்சார் இதைச் சமாளிக்குமே என்பீர்கள். இரும்புக் கட்டில் அருகே அதன் திசை குழம்பும்.

ஒவ்வொரு முறையும் காலை நீட்டி 5 விநாடி அசையாமல் வைத்துத் தொடக்க நிலையைப் பதியுங்கள். கால் முழுதாக நீளாதவருக்கு, கோனியோமீட்டரில் (மூட்டுக் கோணத்தை அளக்கும் கோணமானி) அளந்த கோணத்தையே தொடக்கமாகக் கொடுங்கள்.