பாட்டன் காலத்துக் கூடைத் தேயிலையைக் குடிக்கலாமா?

பழைய சீனத் தேயிலை பற்றி வந்த வாசகர் கடிதங்களுக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து பதில்கள்.

கேள்வி: அக்கா, கம்பாரில் என் மாமனார் நடத்திய மளிகைக் கடையின் மேல்மாடியைக் காலி செய்தபோது ஒரு மூங்கில் கூடை கிடைத்தது. உள்ளே கறுத்த தேயிலை, அங்கங்கே மஞ்சள் புள்ளி. பக்கத்துக் கடைச் சீனர், "தூக்கிப் போட்டுவிடாதே" என்கிறார். பூஞ்சை பிடித்ததை எப்படிக் குடிப்பது? – வாசகி, கம்பார்

பதில்: அவர் சொல்வதைக் கேளுங்கள் தங்கச்சி. அதற்காக இன்றைக்கே கொதிக்க வைத்துக் குடித்துவிடவும் வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அது, வைக்க வைக்க முதிர்ந்து சுவை கூடும் லியூ பாவ் தேயிலையாகத்தான் இருக்கும். தென்சீனாவில் குவாங்சி மாநிலம், வூசோ நகரை அடுத்த ஒரு சிற்றூரின் பெயர் அது. ஆற்றுப் படகில் குவாங்சோவுக்கும், அங்கிருந்து ஹாங்காங் வழியாக மலாயாவுக்கும் கூடை கூடையாக வந்த சரக்கு.

ஈப்போ, கம்பார் ஊர்கள் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் நாள் முழுக்கத் தண்ணீரிலும் சேற்றிலும் நின்ற சீனத் தொழிலாளிகள், உடம்புச் சூட்டையும் ஈரத்தையும் இது முறிக்கும் என்று நம்பிக் குடித்தார்கள். விலையும் மலிவு. 1985-ல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூட, குடிக்கிற ஆளும் குறைந்தது. விற்காமல் நின்ற கூடைகள் ஈப்போ, கம்பார், பினாங்குக் கடைகளின் பரணில் கிடந்து முதிர்ந்தன. இப்போது சீனாவிலிருந்தே அதைத் தேடிக்கொண்டு வருகிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், விலை கேட்டு வருகிற முதல் ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

மஞ்சள் புள்ளிக்கு வருவோம். லியூ பாவில் "பொற்பூ" என்று சீனர்கள் கொண்டாடும் ஒரு பூஞ்சை வளர்வதுண்டு. கடுகைவிடச் சின்னதாக, உருண்டையாக, நல்ல மஞ்சளாக, இலைக்குள்ளே மணல் தூவியதுபோல இருக்கும். நூல் நூலாக நீளாது. ஹூனான் மாநிலத்துச் செங்கல் தேயிலையில் இதை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். பஞ்சுபோலப் படர்ந்திருந்தாலோ, பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தாலோ, முகர்ந்தவுடன் தொண்டை கரித்தாலோ அது கெட்ட பூஞ்சை. அந்தப் பகுதியைத் தாராளமாக ஒதுக்கி எறியுங்கள். கூடையின் அடியையும் ஓரத்தையும் முதலில் பாருங்கள். மழைச்சாரல் பட்டிருந்தால் அங்கேதான் தெரியும். எலி, கரப்பான் நடமாடிய தடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், குப்பைக்குத்தான். கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாத எதையும் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்காதீர்கள்.

நடுப்பகுதி சுத்தமாக இருந்தால் ஒரு கைப்பிடி எடுத்து, வெயில் படாத இடத்தில் பிரம்புத் தட்டில் பரப்பி ஒரு வாரம் காற்றாட விடுங்கள். கிடங்கு வாடை போன பிறகு எழும் வாசனையைக் கவனியுங்கள். நல்ல பழைய லியூ பாவுக்குச் சீனர்கள் சொல்லும் முதல் அடையாளம் பாக்கு மணம். வெற்றிலைத் தட்டுள்ள வீட்டில் வளர்ந்த உங்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாக் கூடையிலும் வராது. வந்தால் உங்கள் மாமனாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஷாங்காயில் வேலை பார்க்கும் மகன் வட்டமாக அழுத்திய பூஅர் தேயிலை ஒன்று கொண்டுவந்தான். உறையில் 7542 என்று இருக்கிறது. 1975-ஆம் ஆண்டுத் தேயிலை, லட்சக்கணக்கில் போகும் என்கிறார் நண்பர். உண்மையா அம்மா? – வாசகர், சென்னை

பதில்: பூஅர் என்பது தென்சீனாவின் யுன்னான் மாநிலத்தில் செய்யும், வைக்க வைக்க முதிரும் தேயிலை. அந்த எண் உங்கள் வட்டு செய்யப்பட்ட ஆண்டைக் குறிக்கவில்லை ஐயா. 75 என்பது அந்தக் கலவை முறை உருவான 1975-ஐச் சொல்கிறது. 4 இலையின் தரம். கடைசி 2, அங்குள்ள மெங்ஹாய் தொழிற்சாலைக்கான எண். குன்மிங் தொழிற்சாலை என்றால் 1, சியாகுவான் தொழிற்சாலை என்றால் 3. அதே 7542-ஐ இன்றுவரை செய்துகொண்டிருக்கிறார்கள். உறையில் கூடவே 801 என்று இருந்தால் அது 2008-ன் முதல் தொகுதி. பின்பக்கத்துத் தேதி முத்திரையையும் பாருங்கள். வழக்கமான எடை 357 கிராம். அப்படி ஏழு வட்டுகளை ஒரு கட்டாகக் கட்டுவது வழக்கம்.

லட்சங்களில் போகிற 7542-களும் உண்டு. 1989 முதல் 1992 வரை செய்து, ஹாங்காங்கில் ஈரமில்லாத கிடங்கில் ஒரு வணிகர் பாதுகாத்துவைத்த வட்டுகள் அவை. அதே தேயிலை ஈரக் கிடங்கில் கிடந்திருந்தால் அந்தப் பெயர் வந்திருக்காது. பழைய தேயிலை வாங்குகிறவர் எவரும் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்: காசு கொடுப்பது வருடத்துக்கு அல்ல, அந்த வருடங்களை அது எங்கே, எப்படிக் கழித்தது என்பதற்கு. காகித உறையைப் போலியாக அச்சிடுவது எளிது. நாக்கை ஏமாற்றுவது அவ்வளவு எளிதில்லை.

சேர்த்துவைத்து விற்கும் எண்ணம் இருந்தால் 2007-ஐ நினைவில் கொள்ளுங்கள். பூஅர் விலை தலைசுற்ற ஏறி, அந்த ஆண்டிலேயே உடைந்து விழுந்தது. குடும்பச் சேமிப்பைத் தேயிலையில் போட்டவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். மகன் அன்போடு கொண்டுவந்ததைப் பிரித்துக் குடியுங்கள் ஐயா. கசப்பு தூக்கலாக இருந்தால் பாதியைக் குடித்து, மீதியைப் பத்து வருடம் வையுங்கள்.

கேள்வி: சீனப் பாத்திரம் எதுவும் இல்லாமல் இதைப் போட முடியுமா? பாலும் சர்க்கரையும் சேர்க்கலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மூடியுள்ள ஒரு சின்னப் பீங்கான் கிண்ணம், ஒரு வடிகட்டி, போதும். சீனாவின் யீசிங் ஊரில் செய்யும் மண் கூஜா பிறகு வாங்கலாம். அது வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஒரே வகைத் தேயிலைக்கென்று ஒதுக்க வேண்டும். நான் தினமும் 100 மில்லி பிடிக்கும் மூடிக் கிண்ணத்தில்தான் போடுகிறேன். அதற்கு 6 கிராம் தேயிலை. வட்டாக இருந்தால் நுனி மழுங்கிய ஊசியை ஓரத்தில் நுழைத்து, அடுக்கு அடுக்காகப் பெயர்த்தெடுங்கள். நொறுக்கினால் தூளாகிக் கசக்கும்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். பச்சைத் தேயிலைக்குச் சொல்லும் மிதமான சூடு இங்கே உதவாது. முதல் நீரை ஊற்றியவுடனே கொட்டிவிடுங்கள். தூசியும் போகும், இறுகிய இலையும் இளகும். அடுத்து பத்து வினாடி. மூன்று நான்கு முறை அதே அளவு, பிறகு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போங்கள். நல்ல இலை எட்டு, பத்து தடவை தாங்கும். சாரமெல்லாம் போய்விட்டது என்று தோன்றும்போது மிச்ச இலையைப் பாத்திரத்தில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பழைய லியூ பாவில் அந்தக் கடைசிக் குடிதான் எனக்கு மிகப் பிடித்தது. இனிப்பு அப்போதுதான் முழுசாக இறங்கும்.

பால் வேண்டாம். பத்து இருபது வருடம் காத்திருந்து வந்த சுவை அதில் மூழ்கிப்போகும்.

கேள்வி: மதுரையில் வைத்தால் முதிருமா? குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: குளிர்பதனப் பெட்டி கூடவே கூடாது. தேயிலை முதிர்வதற்கு மிதமான சூடு, காற்றில் கொஞ்சம் ஈரம், கொஞ்சம் காற்று மூன்றும் வேண்டும். ஈரப்பதம் 60 முதல் 70 சதவீதம் இருந்தால் நல்லது; 80-ஐத் தாண்டினால் பூஞ்சை. யுன்னானின் குன்மிங் மலைமேல் இருக்கிற உலர்ந்த ஊர், அங்கே முதிர்வது மெதுவாகத்தான். ஹாங்காங்கிலும் எங்கள் மலேசியாவிலும் வேகம். மதுரை வெயிலில் இலை காய்ந்து வாசனை ஓடிவிடும் என்பதுதான் பயம். மெருகு பூசாத மண் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வீட்டில் வெயில் படாத அறையில் வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு நேர்மாறான கவலை: ஐப்பசி, கார்த்திகையில் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய எதிரி நம் வீட்டு வாசனைகள். சாம்பிராணி, கற்பூரம், மசாலா, பீரோவில் போடும் பாச்சா உருண்டை எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. தேயிலை ஏற்றுக்கொண்ட வாசனையை லேசில் விடாது. பூஜை அறைக்கும் சமையலறைக்கும் தொலைவான இடம் பார்த்துவிட்டுத்தான் வாங்கவே வேண்டும்.

கேள்வி: எடை குறையும், சர்க்கரை இறங்கும் என்கிறார்களே? – வாசகி, கிள்ளான்

பதில்: அதற்காக வாங்காதீர்கள், போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். பழையதானாலும் இதில் காஃபின் உண்டு; இரவில் தூக்கம் கெடும். இரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தேயிலை தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

கேள்வி: எங்களுக்குச் சின்னத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. நீலகிரித் தேயிலையையும் இப்படிப் பழசாக்க முடியாதா? – வாசகர், குன்னூர்

பதில்: கடையில் விற்கிற தூள் தேயிலை முடியாது. அதை முழுக்க நிறம் மாறவிட்டு, இயந்திரச் சூட்டில் நன்றாக உலர்த்திவிடுகிறார்கள். வைத்தால் வாசனை குறையுமே தவிர வளராது. பூஅர் இலையை இரும்புச் சட்டியில் மிதமாக வாட்டி, வெயிலில் காய வைக்கிறார்கள். அதனால்தான் அதற்குள் மாறுவதற்கு மிச்சம் இருக்கிறது.

ஆனால் உங்கள் மலையில் வெள்ளைத் தேயிலையும் செய்கிறார்கள். வாடவிட்டு உலர்த்துவதோடு சரி, வாட்டுவதோ உருட்டுவதோ கிடையாது. புஜியான் மாநிலத்து ஃபூடிங்கில் அந்த வகையைப் பல வருடம் வைத்துக் குடிக்கிறார்கள். தேன் வாசனையும் பேரீச்சம்பழ இனிப்பும் வரும். அடுத்த கொழுந்து எடுப்பில் கால் கிலோ வெள்ளைத் தேயிலை ஒதுக்குங்கள். நன்றாக உலர்ந்ததா என்று பார்த்து, தேதி எழுதிக் கட்டி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு கிண்ணம் போட்டுக் குடித்துவிட்டு, எப்படி மாறியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.