சாவி கொடுத்த பிறகு: வீட்டுத் திட்ட வேலையில் இருந்துகொண்டே படிப்பது பற்றிக் கேள்வி பதில்

கேரள அரசின் லைஃப் மிஷன் வீட்டுத் திட்டம், பிரதமர் வீட்டுத் திட்டம், எஸ்டேட் லயம் (தொழிலாளர் வரிசை வீடு), ஆந்திரப் பக்கத்து வீட்டுமனைக் காலனி என்று ஏதோ ஒரு வகையில் ஏழைகளின் குடியிருப்போடு தொடர்புள்ள வேலையில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நான் தேவிகுளம் வட்டாரத்தில் கிராம விரிவாக்க அலுவலர். இங்கே எல்லோரும் வி.இ.ஓ. என்றுதான் சொல்வார்கள். லைஃப் வீடுகளுக்குத் தவணை விடுவிக்கும் கோப்புகள் என் மேசை வழியாகப் போகின்றன. வேலைக்கு வந்த பிறகே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் ஊரக வளர்ச்சி முதுநிலைப் பட்டயம் படித்தேன்.

மறையூர், பஞ்சாயத்து எழுத்தர்: அக்கா, நான் பி.காம். வீட்டுக் கோப்புகளைப் பார்க்கிறேன். ‘சமூக வீட்டுவசதி மேலாண்மை’ என்றே ஒரு படிப்பு இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்துவிடுகிறேன்.

அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் வருடம்தான் போகும் தம்பி. வேலையை விடாமல் நம்மால் படிக்கக் கூடியவை பக்கத்துத் துறைகளின் படிப்புகள்தான். எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பஞ்சாயத்து என்றால் இக்னோவின் ஊரக வளர்ச்சிப் பட்டயம் பொருந்தும். எந்தப் பட்டப்படிப்பு முடித்தவரும் சேரலாம். மறையூர், காந்தளூர் மலைக்குடிகளில் வேலை என்றால் ஐதராபாத் தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனம் தொலைநிலையில் நடத்தும் பழங்குடியினர் மேம்பாட்டு மேலாண்மைப் பட்டயத்தைப் பாருங்கள். குடும்பங்களோடு நேரடியாகப் பேசுவதுதான் உங்கள் வேலை என்றால் சமூகப் பணி முதுகலை. அதில் களப்பணி உண்டு, ஆகவே விடுப்புக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

குறுகிய பயிற்சிகளையும் விட்டுவிடாதீர்கள். திருச்சூர் முளங்குன்னத்துக்காவில் உள்ள ‘கிலா’ உள்ளாட்சி ஊழியர்களுக்கென்றே இருக்கும் நிறுவனம். மத்திய அரசின் வீட்டுவசதிக் கடன் நிறுவனமான ஹட்கோவுக்கு டில்லியில் 1985 முதல் ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வீட்டு வாரிய அதிகாரிகளும் நகராட்சி அதிகாரிகளும் அங்கே போகிறார்கள். அலுவலகம் பெயர் கேட்கும்போது, ‘எனக்கு வேண்டாம், வேறு யாரையாவது அனுப்புங்கள்’ என்று ஒதுங்குகிறவர்கள்தான் நம்மில் அதிகம். அப்படி ஒதுங்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை, கூட்டுறவுச் சங்க ஊழியர்: இரண்டு பிள்ளைகள், வேலை, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. நேரம் எங்கே இருக்கிறது அக்கா?

இல்லைதான். அதனால் வருடத்தை முதலில் அறுத்துப் போடுங்கள். இக்னோ தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். மார்ச்சில் நிதியாண்டு முடிகிறது, அந்த மாதம் புத்தகத்தைத் திறக்க முடியாது என்று இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். ஜூன் தேர்வுக்கு ஏப்ரல், மே மட்டுமே கையில் இருக்கும். ஆகவே கடினமான தாள்களை டிசம்பருக்குத் தள்ளுங்கள். ஒப்படைப்புகளை (அசைன்மென்ட்) கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். எல்லாத் தாள்களையும் ஒரே தேர்வில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஒன்றரை வருடத்தில் முடிகிறதா, இரண்டு வருடமாகிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை.

வண்டிப்பெரியாறு, எஸ்டேட் அலுவலகப் பணியாளர்: நான் அரசு ஊழியன் அல்ல. லயங்களின் பராமரிப்புக் கணக்கு எழுதுகிறேன். இதுவும் சமூக வீட்டுவசதியில் சேருமா? எனக்கு இந்தப் படிப்பு பொருந்துமா?

உங்களுக்குப் பொருந்தாவிட்டால் வேறு யாருக்குப் பொருந்தும்? குறைந்த வருமானக் குடும்பங்கள், தங்களுக்குச் சொந்தமில்லாத வீட்டில், ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் தலைமுறைகளாக வாழ்கின்றன. லைஃப் பயனாளி வீட்டுச் சொந்தக்காரர். வீடு முடிந்ததும் எங்கள் கோப்பை மூடிவிடுகிறோம். உங்கள் கோப்பு மூடப்படுவதே இல்லை. கூரைத் தகடு, சாக்கடை, கழிப்பறை, யாருக்கு எந்த வீடு என்ற ஒதுக்கீடு, ஓய்வு பெற்றவர் காலி செய்வது என்று வீட்டு மேலாண்மைப் பாடத்தின் எல்லா அத்தியாயங்களும் உங்கள் பேரேட்டில் இருக்கின்றன.

1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 15 ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்றது அது. அந்தச் சட்டம் 2020 ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல ஒப்படைப்பு தயார். வேலையோடு வீடு கட்டப்பட்டிருப்பதுதான் இந்த ஏற்பாட்டின் முடிச்சு. வேலை முடிந்தால் வீடும் போகிறது. பணிக்கொடையை வாங்க வேண்டுமானால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலை பல இடங்களில் உண்டு. அதனால் மகனோ மருமகளோ விருப்பமில்லாமல் கொழுந்து கிள்ளப் போகிறார்கள், வீட்டுக்காக.

மூணாறுக்கு அருகே உள்ள பெட்டிமுடியையும் மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் இறந்தார்கள். வீடு என்றால் சுவரும் கூரையும் மட்டுமல்ல, அது நிற்கிற இடமும்தான் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதற்கு முன்பே நம் பகுதி தெரிந்துகொண்டது. உங்கள் எஸ்டேட்டில் எந்த லயம் சரிவுக்குக் கீழே இருக்கிறது, எது ஓடைக்கு அருகில் இருக்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். படிப்புக்காகத் தொடங்குங்கள், மேலாளரிடமும் ஒரு பிரதி கொடுங்கள்.

நகரி, வார்டு செயலக ஊழியர்: மேடம், நாங்கள் ஆந்திராவில் இருக்கும் தமிழர்கள். திட்ட அறிக்கைக்கு என்ன தலைப்பு எடுக்கலாம்?

உங்கள் பக்கம் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. 2020 டிசம்பர் 25 முதல் பெண்கள் பெயரில் வீட்டுமனைப் பட்டாக்கள் கொடுத்தார்கள். ஊர்ப்புறத்தில் ஒன்றரை சென்ட், நகரத்தில் ஒரு சென்ட். ஏதாவது ஒரு காலனியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டா வாங்கியவர்களில் யார் கட்டினார்கள், யார் குடிவந்தார்கள், யார் இன்னும் பழைய வாடகை வீட்டிலேயே இருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். பஸ், தண்ணீர், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். நெசவு செய்கிற குடும்பமானால், தறி வைக்க அந்த வீட்டில் இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு சென்ட் மனையில் தறிக்குழி எங்கே தோண்டுவது? நகரியிலும் புத்தூரிலும் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி அது. விசைத்தறி என்றால் சத்தமும் மின் இணைப்பும் சேர்ந்துகொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள். அலுவலகப் பதிவிலிருந்து ஆதார் எண், வங்கிக் கணக்கு எதையும் அறிக்கைக்குள் கொண்டுவராதீர்கள். வேலைக்காக உங்களிடம் கொடுத்தது உங்கள் மதிப்பெண்ணுக்காக அல்ல. மேலதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழியாகத் தலையாட்டியவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

உடுமலைப்பேட்டை, பொறியியல் உதவியாளர்: படித்தால் சம்பளம் கூடுமா?

தானாகக் கூடாது. உங்கள் பணி விதிகளில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லை என்றால் சம்பளத்துக்காகச் சேர வேண்டாம். எதற்காகச் சேர்ந்தாலும், சேருமுன் துறையின் அனுமதி வாங்குங்கள். முடித்த பிறகு பணிப்பதிவேட்டில் ஏற்றச் சொன்னால் முதலில் கேட்கிற காகிதம் அதுதான்.

அடிமாலி, குடும்பஸ்ரீ (கேரளப் பெண்கள் சுய உதவிக் குழு அமைப்பு) பொறுப்பாளர்: எங்கள் ஊரில் மச்சிப்லாவில் லைஃப் அடுக்குமாடி இருக்கிறது. தனி வீடு என்றால் தெரியும். அடுக்குமாடி என்றால் மோட்டார், படிக்கட்டு விளக்கு, குப்பை எல்லாவற்றுக்கும் சண்டை. இதை எந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள்?

நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்வி இது. நம் நாட்டில் வீட்டுத் திட்டம் என்றால் கட்டுவது என்றே பொருள். அஸ்திவாரம், லிண்டல், கூரை, நிறைவு. ஒவ்வொரு கட்டத்துக்கும் புகைப்படம், ஒவ்வொன்றுக்கும் தவணை. இத்தனை லட்சம் வீடு முடிந்தது என்று அறிக்கை. சாவி கொடுத்த மறுநாளிலிருந்து வரும் வேலைக்குப் பதவியும் இல்லை, பணத்தலைப்பும் இல்லை. நாம் படிக்க வேண்டியது அந்த மறுநாளைத்தான் என்பது என் வாதம்.

கேரளத்தில் இதற்குப் பழைய சான்று இருக்கிறது. எம்.என். கோவிந்தன் நாயர் வீட்டுவசதி அமைச்சராக இருந்தபோது, 1972 இல் லட்சம் வீடு திட்டம் தொடங்கியது. எண்ணத்தில் பெரிய திட்டம், குறை சொல்ல மனம் வராது. ஆனால் பல இடங்களில் நடுச்சுவரைப் பங்குபோடும் இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். பிற்பாடு ஒரு குடும்பம் இடித்துக் கட்ட நினைத்தால் பக்கத்துக் குடும்பத்தின் சுவரும் கூடவே வரும். இரட்டை வீட்டை ஒற்றை வீடாக்கப் பிறகு தனியே பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஒரு சுவரைப் பங்குபோட்டதற்கே இந்தப் பாடு. மச்சிப்லாவில் 217 வீடுகள். கூரை, குழாய், படி எல்லாமே பங்கு.

பாடம் வேண்டுமானால் மலைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். குடிசை மாற்று வாரியமாக 1970 இல் தொடங்கி, 2021 இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய தமிழ்நாட்டு அமைப்பு ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்று ஒரு திட்டம் நடத்துகிறது. குடியிருப்போர் சங்கம் பராமரிப்புத் தொகை திரட்டினால் அரசும் அதற்குச் சமமாகப் போடுகிறது. சங்கம் பதிவு பெற்றிருக்க வேண்டும், கணக்கு காட்ட வேண்டும். சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற குடியிருப்புகளின் அனுபவத்தைத் தேடிப் படியுங்கள். நல்லதும் கெட்டதும் கிடைக்கும். குடும்பஸ்ரீயின் அடிமட்டக் குழுவான அயல்கூட்டத்தை நடத்திப் பழகிய உங்களுக்கு வரவு செலவுப் புத்தகம் புதிதல்ல. மாடிக்கு ஒருவர், மாதம் ஒரு கூட்டம், மோட்டாருக்குத் தனி நோட்டு என்று தொடங்குங்கள். கீழ் மாடிக்காரர் ‘எனக்கு எதற்கு லிஃப்ட் செலவு’ என்று கேட்பார். விகிதத்தை எல்லோரையும் உட்காரவைத்து முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

மூணாறு, ஓய்வு பெற்ற ஆசிரியை: என் தங்கை மகன் இங்கிலாந்தில் ஒரு வீட்டுவசதிச் சங்கத்தில் வேலை செய்கிறான். படித்தே ஆக வேண்டும் என்று சொல்கிறார்களாம். நிஜமா?

நிஜம்தான் டீச்சர். 2023 இல் இங்கிலாந்தில் வந்த சமூக வீட்டுவசதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், 2026 அக்டோபர் முதல், மூத்த வீட்டு மேலாளர்கள் நிலை 4 தகுதியும், அவர்களுக்கு மேலே உள்ள நிர்வாகிகள் நிலை 5 தகுதியும் பெற வேண்டும் அல்லது அதற்குப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். பட்டய வீட்டுவசதி நிறுவனம் (சி.ஐ.எச். என்ற தொழில்முறை அமைப்பு) வகுத்த படிப்புகளை வேலையில் இருந்துகொண்டே முடிக்கலாம். உங்கள் பையன் சாதாரணப் பணியாளர் என்றால் கட்டாயம் அவனுக்கு அல்ல. ஆனால் மேலே போக நினைத்தால் இப்போதே தொடங்குவது நல்லது.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் 2017 இல் 72 பேர் இறந்த கிரென்ஃபெல் கோபுரத் தீ விபத்து இருக்கிறது. அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தையின் சாவும் இருக்கிறது. ராச்டேல் நகரில், சுவரெல்லாம் பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டில் 2020 டிசம்பரில் அந்தக் குழந்தை இறந்தது. பெற்றோர் பலமுறை புகார் செய்திருந்தார்கள். அவன் பெயரிலேயே வந்த விதி 2025 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது: ஆபத்து அவசரமானது என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். நம் மூணாறு மழையில் சுவர் கறுக்காத லயம் ஒன்று காட்டுங்கள் டீச்சர். புகார் வந்த தேதி, போய்ப் பார்த்த தேதி, சரிசெய்த தேதி என்ற மூன்று கட்டங்கள் உள்ள ஒரு பதிவேடு இங்கும் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சூரியநெல்லி, ஒப்பந்த ஊழியர்: பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. கோப்பு மலையாளம், பாடம் ஆங்கிலம். தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். வாரம் ஒரு அரசாணையை முழுவதுமாகப் படியுங்கள். அலுவலக மலையாளம் சில நூறு சொற்களுக்குள் சுழல்கிறது. ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் குறிப்பெடுத்துவிட்டு, விடையை ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுங்கள். அழகான ஆங்கிலத்துக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

குமுளி: படிப்பு பற்றிய கேள்வி இல்லை, மன்னிக்கவும். அம்மா எஸ்டேட்டில் ஓய்வு பெற்றுவிட்டார். நிலம் கிடையாது. லைஃப்பில் வீடு கிடைக்குமா?

மன்னிப்பு எதற்கு? நிலமும் வீடும் இல்லாதவர்களுக்கு லைஃப்பில் தனிப் பட்டியல் உண்டு. அம்மாவின் பெயர் எந்த ரேஷன் கார்டில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். குடும்பத்தை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அந்தக் கார்டில் இருக்கும் வேறு ஒருவருக்கு வீடோ நிலமோ இருந்தால் சிக்கல் வரும். நிலம் கிடைப்பதுதான் இடுக்கியில் பெரிய தடை. அதற்காகவே நிலம் உள்ளவர்களிடம் தானம் கேட்டு ‘மனசோடித்திரி மண்ணு’ (மனதோடு கொஞ்சம் மண்) என்ற இயக்கமும் நடத்தினார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வி.இ.ஓ.விடம் நேரில் கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்பதை எழுத்தில் கேட்டு, மனு கொடுத்த ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஏதாவது கடிதம் வந்திருந்தால் அதன் நகலையும் மனுவோடு சேருங்கள்.