திவால் வழக்கு பழக எங்கே தொடங்குவது?

கேள்வி: அமெரிக்காவில் வக்கீலாவதற்கான பார் தேர்வு முடித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. தனிநபர் திவால் வழக்குகளை எடுத்து நடத்த ஆசை. ஆனால் கல்லூரியில் அந்தப் பாடத்தையே நான் எடுக்கவில்லை. புத்தகங்களைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எங்கிருந்து தொடங்கட்டும்? – வாசகி, நியூ ஜெர்சி

பதில்: புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். மனுப் படிவங்கள் நீதிமன்ற இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. இறக்கிக்கொண்டு, உங்கள் சொந்த வரவு செலவை வைத்தே ஒரு சாப்டர் 7 மனுவை, அதாவது இருக்கும் சொத்தை விற்றுக் கடனை அடைத்து, பாக்கியைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் மனுவை, முழுசாக நிரப்பிப் பாருங்கள் (பழக்கதோஷத்தில் தாக்கல் செய்துவிடாதீர்கள்!). சொத்து, விலக்கு (கடன் கொடுத்தவர்கள் தொட முடியாத சொத்து), அடமானக் கடன், கார்டு கடன், மாத வரவு, மாதச் செலவு என்று போகும் அந்தக் கட்டங்களில் எங்கே கை நிற்கிறதோ அங்கே சட்டத்தைத் திறங்கள். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 362, 522, 523, 541, 547, 707, 727 ஆகிய ஏழு பிரிவுகளைக் கரைத்துக் குடித்துவிட்டால் சாதாரண சாப்டர் 7 மனுவுக்கு அதுவே பெரும்பாலும் போதும். பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் வாங்க வேண்டாம், 2005 திருத்தத்துக்கு முந்தையது என்றால், சாப்டர் 7-க்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் வருமானச் சோதனையே அதில் இருக்காது.

அந்தச் சோதனையில் ஒரு நுணுக்கம். பார்ப்பது இன்றைய சம்பளத்தை அல்ல, மனு போடும் மாதத்துக்கு முந்தைய ஆறு மாதச் சராசரியை. நடுவில் ஒரு போனஸ் வந்திருந்தால் சராசரி ஏறிவிடும், அது கணக்கிலிருந்து விழும்வரை ஓரிரு மாதம் பொறுத்தால் அதே ஆள் தேறிவிடலாம். ஆனால் வீடு ஏலத்துக்கு வந்து நிற்கிறது என்றால் பொறுக்க முடியாது. இந்தக் கணக்கைப் போடத்தான் நமக்குச் சம்பளம்.

இதைவிடக் கஷ்டம், கட்சிக்காரரிடம் கேட்கத் தெரிவது. "சமீபத்தில் கடன் ஏதாவது அடைத்தீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், ஏனென்றால் அண்ணனிடம் வாங்கியதை அவர் கடனாகவே நினைப்பதில்லை. ஆகவே, "போன ஒரு வருஷத்தில் அண்ணன், தங்கை, மாமனார் என்று யாருக்காவது பணம் திருப்பிக் கொடுத்தீர்களா?" என்றே கேளுங்கள். வெளியாருக்குக் கொடுத்தது என்றால் மனுவுக்கு முந்தைய 90 நாள்தான் பார்ப்பார்கள், உறவுக்காரர் என்றால் ஒரு வருஷம். மானஸ்தனாக அண்ணனுக்கு 8,000 டாலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுமாதம் மனு போட்டால், டிரஸ்டி (திவாலானவரின் சொத்தைக் கவனிக்க நியமிக்கப்பட்டவர்) அந்தப் பணத்தைக் கேட்டு அண்ணன் வீட்டுக்கே நோட்டீஸ் அனுப்பலாம். அப்புறம் அந்தக் குடும்பத்தில் தீபாவளி எப்படி இருக்கும்!

நம்மவர்களிடம் இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும்: ஊரில் நிலம், நகை, அப்பா சொத்தில் பங்கு. "அது இந்தியாவில்தானே சார் இருக்கு" என்பார்கள். எங்கே இருந்தாலும், யார் கையில் இருந்தாலும் சொத்து சொத்துதான் என்று 541 சொல்கிறது. மறைத்தால் கடன் தள்ளுபடியே போய்விடலாம், கிரிமினல் வழக்கும் வரலாம். விசாரித்துப் பார்த்தேன் என்று மனுவில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது, அதை மறக்காதீர்கள்.

சரி, அனுபவத்துக்கு என்ன வழி? உங்கள் பக்கத்துச் சட்ட உதவி மையத்தில் சாப்டர் 7 மனுக்களை இலவசமாகச் செய்து தர வக்கீல்கள் தேவையா என்று கேளுங்கள். கூட ஒரு மூத்தவர் இருந்தால் நல்லது. மனு போட்டவரை விசாரிக்கும் 341 கூட்டம் (கடன் கொடுத்தவர்கள் கூட்டம்) ஒன்றிரண்டில் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள். நீதிபதி அங்கே வரவே கூடாது, டிரஸ்டிதான் கேட்பார், பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நாலு பேரிடம் அவர் கேட்பதைக் கேட்டாலே உங்கள் கட்சிக்காரரை எப்படித் தயார் செய்வது என்று புரிந்துவிடும்.

சாப்டர் 13-ஐ முதல் வருஷம் தனியாகத் தொடாதீர்கள். வருமானத்திலிருந்து கடனைத் தவணையாக அடைக்கும், மூன்று முதல் ஐந்து வருஷம் ஓடும் திட்டம் அது. நடுவில் வேலை போகும், கார் பழுதாகும், விவாகரத்து வரும், ஒவ்வொரு தடவையும் போன் உங்களுக்குத்தான்.

கடைசியாகக் காசு விஷயம். சாப்டர் 7 ஃபீஸை மனு போடுவதற்கு முன்பே முழுசாக வாங்கிவிடுங்கள். பாக்கி வைத்தால், மற்ற கடன்களோடு சேர்ந்து உங்கள் ஃபீஸும் தள்ளுபடியாகிவிடும்.