ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில் ஒரு வடிவம் இன்னொன்றாக மாறும்போது நடுவில் முறுக்கிக்கொள்வது ஏன்? எப்படிச் சரிசெய்வது?

கேள்வியின் சுருக்கம்: ஓர் இலை பறவையாக மாற வேண்டும். இரண்டு வடிவங்களுக்கும் கீஃப்ரேம் (இந்த நேரத்தில் வடிவம் இப்படி இருக்க வேண்டும் என்று பதிக்கும் குறி) வைத்தாகிவிட்டது. தொடக்கமும் முடிவும் சரியாக இருக்கின்றன, நடுவில் மட்டும் கசக்கிய காகிதம்போல் சுருண்டு முறுக்கிக்கொள்கிறது.

கீஃப்ரேம் வைத்த விதத்தில் தவறு இருக்க வாய்ப்பில்லை. வடிவத்தின் கோட்டில் உள்ள புள்ளிகளின் வரிசையைப் பாருங்கள். மென்பொருளுக்கு இலையும் தெரியாது, பறவையும் தெரியாது. முதல் வடிவத்தின் 1ஆம் புள்ளியை இரண்டாவதின் 1ஆம் புள்ளிக்கும், 2ஐ 2க்கும், 3ஐ 3க்கும் நேர்கோட்டில் நகர்த்திக்கொண்டு போகும், அவ்வளவுதான். இலையின் காம்பு பறவையின் அலகாக வேண்டுமா, வாலாக வேண்டுமா என்பது நாம் எடுக்க வேண்டிய முடிவு. நாம் எடுக்காமல் விட்டால், வரையும் கருவியான பேனா டூலை எந்த இடத்தில் முதலில் வைத்தோமோ அந்தத் தற்செயல் முடிவெடுத்துவிடும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதை ஒரு சதுரத்தை வைத்துப் பார்க்கலாம். இரண்டு கீஃப்ரேமிலும் அதே சதுரம், அதே இடம், அதே அளவு. முதல் புள்ளி மட்டும் ஒரு மூலை தள்ளி இருக்கிறது. ஒன்றுமே நகரக் கூடாது இல்லையா? ஆனால் நான்கு மூலைகளும் பக்கத்து மூலையை நோக்கிக் கிளம்பும். சரிபாதி ஃப்ரேமில் அது பாதிப் பரப்புள்ள சாய்சதுரமாகச் சுருங்கிவிடும், பிறகு மறுபடி விரியும். முதல் புள்ளி எதிர்மூலையில் இருந்தால் இன்னும் மோசம்: நான்கு புள்ளிகளும் நடுவில் ஒரே இடத்தில் மோதி, சதுரமே ஒரு பொட்டாகிக் காணாமல் போகும். முதல் புள்ளி சரியாக இருந்து, ஒன்றை வலஞ்சுழியாகவும் மற்றதை இடஞ்சுழியாகவும் வரைந்திருந்தால், பாதியில் அது வெறும் மூலைவிட்டக் கோடாகி, சட்டையை உள்வெளியாகத் திருப்பியதுபோல் மறுபக்கம் வரும். நீங்கள் பார்க்கிற கசங்கல் இந்த மூன்றில் ஒன்றாகவோ, மூன்றின் கலவையாகவோ இருக்கும்.

எனக்கு இது நன்றாக உறைத்தது ஒரு பள்ளிக் கண்காட்சிக்காக எழுத்து வரலாற்று வீடியோ செய்துகொடுத்தபோது. தமிழியில், அதாவது தமிழ் பிராமியில், 'க' என்பது ஒரு கூட்டல் குறிதான். மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளம் மலையில் உள்ள கல்வெட்டுகளில் 'கணிய்' என்று தொடங்கும் வரி ஒன்று உண்டு. அந்தக் கூட்டல் குறி பிள்ளைகளின் கண் முன்னால் இன்றைய 'க'வாக மாற வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

முதலில் எல்லாரும் செய்வதையே செய்தேன். 'க' என்று ஒரு ஃபான்ட்டில் அடித்து, 'கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட்' கொடுத்து, வந்த பாத்தை (புள்ளிகளை இணைக்கும் வடிவக் கோட்டை) நகலெடுத்து, கூட்டல் குறியின் பாத்தில் இரண்டாவது கீஃப்ரேமாக ஒட்டினேன். கூட்டல் குறியின் வெளிவரைக்கு 12 மூலைகள். ஃபான்ட்டின் 'க'வுக்கு அதைவிட நிறையப் புள்ளிகள், போதாக்குறைக்கு உள்ளே ஓட்டையைச் சுற்றித் தனி பாத். புள்ளிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகாதபோது மென்பொருள் தானாக ஒரு கணக்குப்போட்டு நிரப்பிக்கொள்ளும். அது நம் மனதில் இருக்கிற கணக்காக அமைவது அரிது. நடுவில் வந்தது கிழிந்த துணி. முதல் புள்ளியை மாற்றிப் பார்த்தேன், வேகத்தைக் கூட்டி மறைக்கப் பார்த்தேன். இரண்டு நாள் அதிலேயே போனது.

பிறகுதான் புத்தி வந்தது. கையால் 'க' எழுதும்போது யாரும் வெளிவரையை வரைவதில்லை, கோட்டை இழுக்கிறோம். அதனால் ஃபில்லை (உள்ளே நிரப்பும் நிறத்தை) எடுத்துவிட்டு ஸ்ட்ரோக்கை (கோட்டை) மட்டும் வைத்து, முனைகளை உருண்டையாக்கி, எழுத்தின் எலும்பை மட்டும் வரைந்தேன். ஓட்டைப் பிரச்சினை அந்த நிமிடமே தீர்ந்தது, ஏனென்றால் கோடு வளைந்து வந்து தொடும்போது வளையம் தானாகவே மூடிக்கொள்கிறது.

அடுத்தது, எது எதுவாக மாறுகிறது என்ற முடிவு. கூட்டலின் செங்குத்துக் கோடு 'க'வின் நடுக்கோடு. அது அசைய வேண்டியதில்லை. படுக்கைக் கோட்டின் இடக்கை கீழே வளைந்து, நடுக்கோட்டின் அடியைத் தொட்டு, இடப்பக்க வளையமாக வேண்டும். வலக்கை வளைந்து கீழே இறங்க வேண்டும். மேலே உள்ள தலைக்கோடு கூட்டல் குறியில் இல்லவே இல்லை. அதை எதிலிருந்தும் பிய்த்து எடுக்காமல் தனி பாத்தாக வைத்து, கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டும் 'ட்ரிம் பாத்ஸ்' கொண்டு கடைசியில் முளைக்கவிட்டேன்.

இந்த இடத்தில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பதிலிலேயே உங்களுக்கு அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்: சிக்கலான வடிவத்தை முதலில் வரையுங்கள். 'க'வின் இடப்பக்க வளையத்தை 5 புள்ளிகளில் வரைந்து, முடிவு நேரத்தில் கீஃப்ரேம் வைத்தேன். பிறகு தொடக்க நேரத்துக்குப் போய், அதே 5 புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து நேர்கோட்டில் அடுக்கினேன். இப்படிச் செய்தால் புள்ளிகளின் எண்ணிக்கை, வரிசை, திசை, முதல் புள்ளி நான்கும் தானாகவே ஒத்துப்போகும். எந்த மெனுவையும் தேட வேண்டாம். எளிய வடிவத்திலிருந்து சிக்கலானதற்குப் போக முயன்றால் வழியெல்லாம் புள்ளி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

நேர்கோட்டில் அடுக்கும்போது கைப்பிடிகளை (புள்ளியிலிருந்து நீண்டு வளைவைக் கட்டுப்படுத்தும் சிறு கோடுகளை) வெட்டி எறிந்துவிடாதீர்கள். வளைவின் கைப்பிடிகளும் புள்ளிகளைப் போலவே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்பவை. அவற்றைக் கோட்டின் மேலேயே படுக்கவைத்தால் பார்வைக்குக் கோடு நேராகவே இருக்கும், மாறத் தொடங்கியதும் நாணல்போல் வளையும். கைப்பிடி இல்லாமல் கூர்முனையாக விட்டால் முதல் சில ஃப்ரேம்களில் கோடு ஒடிந்து ஒடிந்து தெரியும்.

இவ்வளவு செய்தும் இடக்கை ஒரு இடத்தில் உறுத்தியது. அதன் நுனி இடது ஓரத்திலிருந்து நடுக்கோட்டின் அடிக்கு வர வேண்டும். கண்ணுக்கு அது தொங்கி, சுற்றி வர வேண்டும். மென்பொருளோ நுனியைச் சாய்வாக நேரே இழுத்துக்கொண்டு வந்தது. அதனால் கை வழியில் குட்டையாகித் தெரிந்தது. ஒரு நிஜமான கயிறு அப்படிச் சுருங்காது. 12ஆவது ஃப்ரேமில் நின்று, கை பூனை வால்போல் தொங்குகிற ஒரு இடைநிலையை நானே வரைந்து மூன்றாவது கீஃப்ரேமாக வைத்தேன். உயிர் வந்துவிட்டது. சுழன்று வர வேண்டிய எந்த உறுப்புக்கும் இந்த இடைக்கீஃப்ரேம் தேவைப்படும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: முதலில் படுக்கைக் கோடு முழுவதையும் ஒரே பாத்தாக வைத்திருந்தேன். ஒரே பாத்தில் இருக்கிற புள்ளிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத்தான் நிற்கும், ஏனென்றால் கீஃப்ரேம் பாத் முழுவதுக்கும் ஒன்றுதான். இடக்கை, வலக்கை என்று இரண்டாகப் பிரித்து, வலக்கையை 4 ஃப்ரேம் தாமதமாகக் கிளப்பினேன். விநாடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் மொத்தம் 30 ஃப்ரேம், ஒன்றேகால் விநாடிக்கும் கொஞ்சம் குறைவு. இரண்டு கையும் ஒரே நொடியில் மடங்கியபோது இயந்திரம்போல் இருந்தது, பிரித்த பிறகு யாரோ எழுதுவதுபோல் ஆனது.

இனி, மெனுக்கள். வட்டம், சதுரம் போன்ற ஆயத்த வடிவங்களுக்கு முதலில் பாத் என்ற வரியே இருக்காது. வடிவத்தின் பெயர்மேல் வலது கிளிக் செய்து 'கன்வர்ட் டு பெசியர் பாத்' கொடுத்தால்தான் வரும். வேறு வடிவத்தை ஒட்டும்போது லேயரை அல்ல, அந்த பாத் வரியையே தேர்ந்தெடுத்து ஒட்டுங்கள். முதல் புள்ளி மற்றவற்றைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். அதை மாற்ற, வேண்டிய புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, லேயர் மெனுவில் 'மாஸ்க் அண்ட் ஷேப் பாத்' என்பதற்குள் 'செட் ஃபர்ஸ்ட் வெர்டெக்ஸ்' கொடுக்க வேண்டும். ப்ரிஃபரன்ஸஸில் ஜெனரல் பகுதியில் 'ப்ரிசர்வ் கான்ஸ்டன்ட் வெர்டெக்ஸ்' என்று தொடங்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அது டிக் ஆகியிருந்தால், ஒரு கீஃப்ரேமில் சேர்க்கிற புள்ளி எல்லாக் கீஃப்ரேமிலும் சேரும். அதை அணைத்துவிடாதீர்கள். சுழல்திசை மாறியிருந்தால் ஒரு வடிவத்தை மறுபடி வரைந்துவிடுவதுதான் எனக்கு விரைவான வழி.

வட்டம் சதுரமாவதற்கு மேலே சொன்ன எதுவும் வேண்டாம். பாத்தாக மாற்றினால் வட்டத்தின் 4 புள்ளிகள் மேல், வலம், கீழ், இடம் என்று நிற்கும். சதுரத்தின் 4 புள்ளிகளோ மூலைகளில் நிற்கும். அப்படியே இணைத்தால் 45 பாகை சுழன்றுகொண்டே மாறும். அதற்குப் பதில் 200க்கு 200 சதுரம் ஒன்றை வைத்து, 'ரவுண்ட்னெஸ்' மதிப்பை 0 முதல் 100 வரை கொண்டுபோங்கள். சுழற்சியே இல்லாமல் அழகாக வட்டமாகும். நட்சத்திரத்துக்கும் இதேபோல ஒரு குறுக்குவழி உண்டு: ஐந்து முனை நட்சத்திரத்தில் வெளி ஆரம் 100 இருக்க, உள் ஆரத்தை ஏறக்குறைய 81க்குக் கொண்டுவந்தால் அது ஐங்கோணமாகிவிடும். எண்ணால் முடிகிற மாற்றத்துக்குப் புள்ளிகளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

'மாஸ்க் இன்டர்பொலேஷன்' என்றொரு பேனல் இருக்கிறது, புள்ளிப் பொருத்தத்தை அதுவே செய்யும் என்று சிலர் சொல்வார்கள். செய்யும்தான். ஆனால் அது மாஸ்க்குக்கு (படத்தின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று வெட்டிக்காட்டும் வடிவத்துக்கு) மட்டும் வேலை செய்வது, அதோடு வழி நெடுகக் கீஃப்ரேம்களைக் கொட்டிவிடும். நாளை வாடிக்கையாளர் ஒரு சின்னத் திருத்தம் கேட்டால் எல்லாவற்றையும் தொட வேண்டிவரும். எனக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டு வடிவமும் குழம்புபோல் ஒட்டி உருகி மாற வேண்டும் என்றால் மங்கலாக்கி, விளிம்பை இறுக்கும் 'சிம்பிள் சோக்கர்' எஃபெக்டைப் போடுகிற முறை அழகாக வரும். ஆனால் செயலிக்காக லாட்டியாக (செயலிகளிலும் இணையத்திலும் ஓடும் அனிமேஷன் கோப்பாக) எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதை நம்ப வேண்டாம். பாத் கீஃப்ரேம்கள் லாட்டிக்குப் போகும், இப்படிப்பட்ட எஃபெக்டுகளை நம்பி அனுப்ப முடியாது.

ஃப்ளாஷ் என்ற பழைய அனிமேஷன் மென்பொருளில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை நன்றாகத் தெரியும். அங்கே ஷேப் ட்வீனுக்கு, அதாவது ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றுவதற்கு, 'ஷேப் ஹின்ட்' என்று ஒன்று இருந்தது. ஆங்கில எழுத்துகள் பொறித்த 26 சின்ன வட்டங்கள். தொடக்க வடிவத்தில் ஓரிடத்தில் ஒன்றை வைத்து, முடிவு வடிவத்தில் அதன் இணையை வைத்தால், இது அங்கே போ என்று சொன்னதாக அர்த்தம். சரியாகப் பொருந்தினால் தொடக்கத்தில் மஞ்சள், முடிவில் பச்சை. கோட்டின்மேல் உட்காராவிட்டால் சிவப்பு. இவ்வளவு நேரடியான வசதி ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இன்றும் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதற்கும் முன்னால், 1970களின் தொடக்கத்தில், கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் இருவரும் கம்ப்யூட்டரில் கீஃப்ரேம் அனிமேஷனை உருவாக்கினார்கள். இரண்டு கோட்டோவியங்களுக்கு நடுவே உள்ளவற்றை இயந்திரம் நிரப்பும் என்ற அவர்களுடைய யோசனையைத்தான் இன்று நீங்களும் நானும் பயன்படுத்துகிறோம்.

இப்போது உங்கள் இலைக்கு வருகிறேன். இலையை ஒதுக்கி வைத்துவிட்டு, பறவையை முதலில் வரையுங்கள். உடலைத் தனி பாத்தாக, இறக்கையைத் தனி பாத்தாக. காம்பு வாலாகட்டும், இலையின் நுனி அலகாகட்டும். இலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே பறவை பார்க்கட்டும், அப்போது எந்தப் புள்ளியும் இன்னொன்றைக் கடந்து போக வேண்டியிருக்காது. பிறகு தொடக்க நேரத்துக்குப் போய், உடலின் புள்ளிகளை இலை விளிம்பில் ஒரே இடைவெளியில் பரப்புங்கள். இறக்கையின் புள்ளிகளை இலையின் நடுநரம்பில் ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி, நரம்போடு நரம்பாக மறைத்து வையுங்கள். சரிபாதி ஃப்ரேமில் பிளே ஹெட்டை (காலக்கோட்டில் நகரும் ஊசியை) நிறுத்திப் பாருங்கள். அந்த ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தாலும் சிறகு விரிக்கப்போகும் இலைபோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஓடவிட்டுப் பார்க்காமல், அங்கேயே நின்று புள்ளிகளை நகர்த்தி ஒரு இடைக்கீஃப்ரேம் வையுங்கள். உடல் பாதி மாறிய பிறகு, 5 அல்லது 6 ஃப்ரேம் கழித்து, இறக்கை நரம்பிலிருந்து பிரியட்டும். எல்லாம் சரியான பிறகு கடைசியாக எஃப் 9 அழுத்தி வேகத்தை மென்மையாக்குங்கள். அதை முதலிலேயே செய்தால் கசங்கல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.