கேமரா கேள்வி–பதில்: உரை கேட்கப் போகும்போது

கேள்வி: பல வருஷமாகப் பொழுதுபோக்காகப் படம் எடுத்து வருகிறேன். எங்கள் கிளப்பில் மாதாமாதம் யாராவது ஒரு புகைப்படக்காரர் வந்து பேசுகிறார். முக்கால்வாசி எனக்குத் தெரிந்த சங்கதிதான். தொடர்ந்து போவதில் பயன் உண்டா?
– திருச்சி வாசகர்

பதில்: உண்டு, ஆனால் நீங்கள் குறிப்பெடுக்கும் விதம் மாற வேண்டும். திரையில் 'எஃப்/5.6, 1/500, ஐஎஸ்ஓ 400' (லென்ஸ் திறப்பு, ஷட்டர் வேகம், ஒளியுணர்திறன்) என்று போட்டால் பக்கத்து நாற்காலிக்காரர் அவசரமாக எழுதிக்கொள்வார். அந்த எண்கள் சொல்வதெல்லாம், அப்போது கனத்த மேகமூட்டம் அல்லது வெட்டவெளி நிழலில் இருக்கும் அளவு வெளிச்சம் இருந்தது என்பதுதான். அதைப் படத்தைப் பார்த்தே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். நீங்கள் எழுத வேண்டியது வேறு: எங்கே நின்றார், எதை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளினார், ஒரே மாதிரியான பத்துப் படங்களில் இதை ஏன் எடுத்து வைத்தார்.

முதல் நாள் இரவே பேச்சாளரின் படங்களைப் பார்த்துவிடுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் பிடிபடாத இரண்டு மூன்றைப் பொறுக்குங்கள். கண்ணுக்குள் தெரியும் ஒளிப்புள்ளி எந்தப் பக்கம், மூக்கின் நிழல் எங்கே விழுகிறது, நிழலின் ஓரம் கூர்மையா மழுங்கலா என்று பார்த்து, விளக்கோ ஜன்னலோ எங்கே இருந்திருக்கும் என்று ஒரு கோட்டுப்படம் போடுங்கள். அரங்கில் அவர் சொல்லும்போது உங்கள் ஊகம் எங்கே தவறியது என்று தெரியும். பேச்சு சுமாராக இருந்தாலும் இந்தப் பலன் நிச்சயம்.

கேள்வி நேரத்தில் "என்ன லென்ஸ்?" வேண்டாம். "இதற்கு முந்தைய ஃப்ரேமும் அடுத்ததும் எப்படி இருந்தன?" என்று கேளுங்கள். "இது முழு ஃப்ரேமா, வெட்டியதா?" என்பதும் நல்ல கேள்வி. வெட்டுவதை விரும்பாதவர் என்று பேரெடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன், 1932-இல் பாரிஸ் சேன்-லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்த குட்டையைத் தாண்டும் மனிதர் படமே வெட்டப்பட்டதுதான். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் நெகட்டிவின் ஓரத்தை வேலி மறைத்துவிட்டது.

அனுபவசாலிக்கு உதவும் பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ்' என்ற நிலவுதயப் படம் நல்ல உதாரணம். 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னான்டஸ் கிராமத்தில் எடுத்தது. 'எஃப்/32, 1 விநாடி' என்று மட்டும் சொன்னால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. அவர் அந்த எண்ணை எட்டிய வழிதான் பாடம். வெளிச்சமானி கைக்கு அகப்படவில்லை. கல்லறைச் சிலுவைகள் மீதிருந்த வெயில் மறையப் போகிறது. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளி அளவின் அலகு) என்பது நினைவுக்கு வந்தது. ஃபிலிம் வேகம் 64. அதன் வர்க்கமூலம் 8. ஃபிலிம் வேகத்தின் வர்க்கமூலத்தை எஃப் எண்ணாக வைத்தால், ஒளிர்வு எண்ணே ஷட்டர் வேகம் என்பது அவர் கையாண்ட விதி. ஆகவே எஃப்/8, 1/250 என்றால் நிலவு நடுச் சாம்பலாக விழும். அதை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) ஏற்றி வைக்க 1/60. அடர் மஞ்சள் ஃபில்டருக்கு மூன்று மடங்கு கூட்டினால் 1/20. எஃப்/32-க்கு இறங்க நான்கு ஸ்டாப், அதாவது பதினாறு மடங்கு. ஏறத்தாழ 1 விநாடி. இரண்டாவது ஷாட்டுக்குள் வெயில் போய்விட்டது. பிறகு 1948-இல் நெகட்டிவின் முன்புறப் பகுதியை ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். பிந்தைய பிரிண்டுகளில் வானம் ஏறக்குறையக் கறுப்பு. பேச்சாளரிடம் இந்த மாதிரிக் கணக்கைத்தான் கறக்க வேண்டும்: எதை அளந்தீர்கள், எதை அடிப்படையாக வைத்தீர்கள், பிரிண்டில் என்ன மாற்றினீர்கள்?

கேள்வி: பேச்சின்போது திரையைப் படம் எடுத்தால் சில சமயம் வானவில் பட்டை விழுகிறது; சத்தமில்லாத ஷட்டரில் மேடையை எடுத்தால் கறுப்புப் பட்டை. கேமரா பழுதா?
– கோவை வாசகர்

பதில்: கேமராவில் கோளாறு இல்லை. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

வானவில் பட்டை டிஎல்பி வகை புரொஜக்டரில் வரும். ஒற்றைச் சிப் டிஎல்பி சிவப்பு, பச்சை, நீலத்தை ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வீசுகிறது. கண் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. 1/250 வைத்தால் ஒரு நிறத்தின் பாதியில் ஷட்டர் மூடிவிடும். பெரும்பாலான புரொஜக்டர்கள் விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிப்பதால் 1/60 அல்லது 1/30 வையுங்கள். 1/30 இன்னும் பத்திரம். மூன்று நிறத்தையும் ஒரே நேரத்தில் காட்டும் எல்சிடி புரொஜக்டரில் இந்தத் தொல்லை இல்லை.

ஆட்டோ எக்ஸ்போஷரும் ஏமாற்றும். வெள்ளைப் பின்னணி ஸ்லைடு வந்தால் படம் இருண்டுபோகும், கறுப்பு வந்தால் வெளுக்கும். மேனுவலில் 1/30, எஃப்/4, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கி, வெள்ளை ஸ்லைடு ஒன்றில் வெள்ளை கொஞ்சம்கூட எரியாதபடி சரிசெய்து, பிறகு தொடாதீர்கள். வொயிட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாகவே தெரியச் செய்யும் அமைப்பு) அதே வெள்ளை ஸ்லைடிலேயே எடுத்துப் பூட்டுங்கள். வலைக்கோடு மாதிரி அலை தெரிந்தால் ஜூமைக் கொஞ்சம் மாற்றினாலே போய்விடும்.

கறுப்புப் பட்டை மேடை விளக்கின் வேலை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விநாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. நீங்கள் சொன்ன சத்தமில்லாத ஷட்டர், அதாவது எலக்ட்ரானிக் ஷட்டர், சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால், சாதாரண கேமராவில் அந்த வாசிப்பு முடிவதற்குள் விளக்கு பலமுறை மங்கிவிடும். 1/100 அல்லது 1/50 வைத்தால் எல்லா வரிக்கும் சம வெளிச்சம் கிடைக்கும். சில எல்இடி விளக்குகள், குறிப்பாக டிம்மரில் ஓடுபவை, வேறு வேகத்தில் துடிக்கும். அப்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, அது சத்தம் போடும் என்பதால் இடைவேளையில் அல்லது கைதட்டலின்போது மட்டும் எடுங்கள். ஃபோகஸுக்கு உதவும் சிவப்பு விளக்கை முதலிலேயே அணைத்துவிடுங்கள், பேச்சாளரின் முகத்தில் விழுந்தால் எரிச்சல் அவருக்கு. ஸ்லைடுகளை எடுப்பதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதை. அவற்றை வெளியிடுவதானால் கட்டாயம்.

கேள்வி: கிளப்பில் என் படங்களைத் திரையிட்டால் வெளுத்துப்போய், கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரிகிறது. வீட்டு மானிட்டரில் நன்றாக இருக்கிறதே?
– நாகர்கோவில் வாசகி

பதில்: முதலில் ஃபைலைப் பாருங்கள். அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த வண்ண வீச்சில் சேமித்த படத்தை வண்ண நிர்வாகம் இல்லாத மென்பொருள் திறந்தால் நிறம் சோர்ந்துவிடும். பெரும்பாலான திரைகள் எதிர்பார்க்கும் எஸ்ஆர்ஜிபி வீச்சுக்கு மாற்றி ஜேபெக்காகக் கொடுங்கள். அளவு 1920 × 1080-க்குள். நெடுக்குப் படத்துக்கு உயரம் 1080 தான் கிடைக்கும் என்பதையும் நினைவில் வைத்து, சுருக்கிய பிறகே கூர்மை ஏற்றுங்கள்.

கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை கொஞ்சம் மங்கலாகவும் இருந்தால் ஹெச்டிஎம்ஐ அமைப்பைச் சந்தேகியுங்கள். கணினி 16–235 என்ற சுருங்கிய வீச்சில் அனுப்ப, புரொஜக்டர் 0–255 என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். இரண்டு பக்கமும் 'ஃபுல்' என்று ஒன்றாக்கினால் தீரும். புரொஜக்டர் 'டைனமிக்' முறையில் இருந்தால் 'சினிமா' அல்லது 'எஸ்ஆர்ஜிபி'க்கு மாற்றச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் வெளுத்தால், குற்றவாளி அரங்க விளக்கு. புரொஜக்டரால் கறுப்பை வீச முடியாது. திரைமேல் ஏற்கெனவே விழும் வெளிச்சம்தான் உங்கள் கறுப்பு. திரைக்கு மேலிருக்கும் அந்த ஒரு விளக்கை அணைப்பதற்குச் செயலாளரிடம் போராடுங்கள், தகும்.

கேள்வி: பேச்சாளர் மேடையில் தவறாகச் சொன்னால் திருத்தலாமா? "வைட் லென்ஸ் முகத்தைக் கோணலாக்கும்" என்றார் ஒருவர்.
– யாழ்ப்பாண வாசகர்

பதில்: எல்லார் முன்னிலையிலும் வேண்டாம். முகம் கோணுவது கிட்டப் போவதால்; மூக்கு, காது போன்றவை ஒன்றுக்கொன்று எந்த அளவில் தெரியும் என்பதைத் தூரம்தான் தீர்மானிக்கிறது. ஒரே இடத்தில் நின்று 24 எம்எம்-இலும் 85 எம்எம்-இலும், முகம் இரண்டிலும் ஃப்ரேமின் நடுவில் இருக்கும்படி எடுத்து, முதல் படத்தின் நடுவை வெட்டிப் பக்கத்தில் வைத்தால் மூக்கும் காதும் ஒரே விகிதத்தில் இருக்கும். அந்த இரண்டு படத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, தேநீர் வேளையில் "ஐயா, இதில் எனக்கு ஒரு சந்தேகம்" என்று காட்டுங்கள்.