கேள்வி – பதில்: எஞ்சின் அறையில் இருந்தவர்கள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் வணிகக் கப்பல்கள் மூழ்கியபோது எஞ்சினியர்கள் அதிகம் இறந்தது ஏன்? பெயர்களை எங்கே தேடலாம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: எஞ்சின் அறை நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. டார்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து வந்து வெடிக்கும் ஏவுகுண்டு) பட்டால் நீராவிக் குழாய் வெடிக்கும், உடல் வெந்துபோகும். விளக்கும் அணையும். அந்த இருட்டில் செங்குத்தான இரும்பு ஏணிகளில் ஏறித்தான் மேல்தளம் வரவேண்டும். 4 மணி நேர வாட்ச்சில் (முறைப்பணியில்) கீழே நின்றவர்களுக்குப் பெரும்பாலும் அவகாசமே கிடைக்கவில்லை. கொடுமையான சாவு அது.

நம் திருகோணமலைத் துறைமுகத்திலேயே 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானக் குண்டுவீச்சில் 'சகாயிங்' என்ற பிரிட்டிஷ் கப்பல் எரிந்தது. பின்னர் மூழ்கிக் கிடந்த அதை 2018இல் இலங்கைக் கடற்படை மேலே கொண்டுவந்தது.

கடலே கல்லறையான பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் கப்பல்வாரியாக உள்ளன. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் குடும்பப் பெயரை இட்டுத் தேடுங்கள். கப்பலின் பெயரும் தெரிந்தால் ஒரே பெயருள்ளவர்களைப் பிரித்தறியலாம்.