ஓர் ஊருக்கு என்ன மருத்துவச் சேவை தேவை என்பதை மக்கள்தொகையை வைத்தே முடிவு செய்ய முடியாதா?

தலையை எண்ணி வகுப்பது முதல் படி மட்டுமே. சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது இந்திய அரசின் அளவுகோல். கட்டடம் எங்கே வேண்டும் என்பதை அது சொல்லும்; அங்கே யாருக்கு என்ன நோய் என்பதைச் சொல்லாது.

மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டினாலும் பாதிதான் தெரியும். வந்தவர் பெயர்தானே அதில் இருக்கும்? நூறு நாள் வேலைக்குப் போகும் பெண், அன்றைய கூலியை விட்டுவிட்டு ரத்த அழுத்தம் பார்க்க வரிசையில் நிற்பாரா? பதிவேட்டைக் கேட்டால் அவர் நோயே இல்லாதவர்! அதனால்தான் வீடு வீடாகப் போய் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். 2020இல் தமிழ்நாட்டில் நடந்த அப்படியொரு ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம்தான். மாதாமாதம் போய் வாங்குவதுதான் பாடு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோனது.

என்னைக் கேட்டால், திட்டம் போடுபவர்கள் முதலில் கிராம சுகாதாரச் செவிலியரின் நோட்டைப் பார்க்க வேண்டும். எந்தத் தெருவில் கர்ப்பிணி, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு முதியவர் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.